149 ரூபாய்க்கு எவ்வளவு இருட்டு?

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. ஒன்றரை ஷிப்ட் முடித்து லைன் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு அதற்கு மேல் தியேட்டருக்குப் போகத் தெம்பிருக்காது. கையில் போன் இருக்கும். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளான் இவரை நினைத்தே போட்டது போலிருக்கிறது. 2019இல் 199 ரூபாய்க்கு வந்து, 2021 டிசம்பரில் 149 ஆக இறங்கியது. ஒரு நேரத்தில் ஒரு திரை, போன் அல்லது டேப்லெட் மட்டும், டிவியில் ஓடாது, தெளிவு 480பி.

இந்த 480பி போதுமா என்று சோதிக்க நல்ல படம் ஆகாது. கதை இழுத்துக்கொண்டு போனால் கண் எதையும் மன்னித்துவிடும். சுமாரான பேய்ப் படம்தான் சரி. ‘பூமிகா’வை எடுத்துக்கொண்டேன். ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கி, கார்த்திக் சுப்பராஜின் ஸ்டோன் பெஞ்ச் தயாரித்த படம்; ஐஸ்வர்யா ராஜேஷுக்கு 25ஆவது. 2021 ஆகஸ்டில் விஜய் டிவியில் ஓடி, கையோடு நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. மலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி, வேலை விஷயமாக அங்கே போய்த் தங்கும் குடும்பம், இறந்துபோனவரின் போனிலிருந்து வரும் மெசேஜ்.

அந்த மெசேஜ் சமாச்சாரம் போன் திரையில் பார்க்க நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் நமக்கே ஒரு வாட்ஸ்அப் வந்து விழுந்தால் முதுகு சில்லிடும். பிறகு படம் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறது. திங்கட்கிழமை டீ டைமில் யாராவது கதை கேட்டால் சொல்ல வராது.

இருட்டுக்கு வருவோம். 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். பகல் காட்சிக்கு அது தாராளம். விளக்கணைந்த அறை என்றால் மொத்தக் காட்சியும் அடியிலுள்ள சில படிகளுக்குள் ஒடுங்க வேண்டும். டேட்டாவை மிச்சம் பிடிக்கும் என்கோடரும் முதலில் கைவைப்பது அங்கேதான். இருட்டில் போனது தெரியாது என்பது அதன் கணக்கு. பேய்ப் படத்தில் பார்க்க வேண்டியதே அந்த மூலைதான் என்று அதற்கு யார் சொல்வது? டார்ச் வெளிச்சம் சுவரில் மெல்லக் கரையாமல் வளையம் வளையமாக நிற்கிறது, லாட்டுக்கு லாட் ஷேடு மாறிய துணியைச் செக்கிங் டேபிளில் அடுத்தடுத்து விரித்த மாதிரி. என்னுடையது எல்சிடி திரை. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பும் சாம்பலாகத்தான் தெரியும். அமோலெட் என்றால் கறுப்புப் புள்ளி அணைந்தே போகும், பாதிக் குறை தீரும். ஒளிப்பதிவாளர் ரொபெர்ட்டோ ஸஸாரா எடுத்த மலைப் பகல்கள் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் தப்பிவிடுகின்றன.

சின்ன பட்ஜெட் என்பது சாக்கு அல்ல. ஓரன் பெலி ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைச் சுமார் 15,000 டாலரில், சொந்த வீட்டிலேயே எடுத்தார். ஆடாத கேமரா, ஒரு கட்டில், ஒரு கதவு. அதை 480பிக்கு இறக்கினாலும் பயம் இறங்காது.

சத்தத்துக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓடினால் போன் ஸ்பீக்கரில் கிசுகிசுப்பு ஒன்றும் காதில் ஏறாது. கூட்டி வைத்தீர்களோ, அடுத்த அலறலில் லைன் வீடு மொத்தமும் எழுந்து வந்துவிடும். காதை அடைக்கிற ரப்பர் முனை இயர்போன் வாங்கிக்கொள்ளுங்கள். செயலியில் வேகத்தை 1.5 வரை கூட்டலாம். இழுவைக் காட்சிகளுக்கு நல்ல மருந்து. பேயும் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடுகிறது.

மனிதன் செய்ததற்கு இயற்கை பழி வாங்குகிறது என்பதுதான் படத்தின் கரு. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியதைக் கண்ட பகுதி இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே வேலையில்லாமல் கை கட்டி நின்றது. நொய்யல் கரைக்காரர்களை மேக்கப் போட்ட பேயைக் காட்டி மிரட்டுவது கஷ்டம். அந்த அணையைப் போய் எடுத்திருந்தால் 480பி என்ன, கறுப்பு வெள்ளையிலேயே நடுங்கியிருப்போம்.

டேட்டாவைச் சேமிக்கும் அமைப்பில் வைத்தால் ஒரு ஜிபிக்குச் சுமார் 6 மணி நேரம் ஓடும். ஆனால் இருட்டு இன்னும் கட்டம் கட்டமாகும். வைஃபை கிடைக்கிற இடத்தில் டவுன்லோடு செய்துகொள்வது உத்தமம். தனியாளுக்கு, அதுவும் காமெடிப் படங்களுக்கு, 149 பிளான் தாராளமாகப் போதும். பேய்ப் படப் பிரியர்கள் 50 ரூபாய் கூடப் போட்டு 199 பிளானுக்குப் போவது நல்லது. 720பி கிடைக்கும், டிவியிலும் ஓடும். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருந்தால் தலைக்கு 50 ரூபாய்கூட வராது.