17 கொண்டை ஊசிகள், ஒரு கார்பரேட்டர்

விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறும் ஜீப்புகள் ஏறக்குறைய எல்லாமே டீசல். அவற்றில் கார்பரேட்டரே கிடையாது. நான் சொல்லப்போவது தென்னந்தோப்புக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பெட்ரோல் ஜீப்பை. பானெட் உயர்ந்து மூக்கு நிமிர்ந்து நிற்குமே, அந்த சிஜே3பி. நிமிர்வு அழகுக்காக வந்ததல்ல. முந்தைய வில்லிஸில் இரண்டு வகை வால்வும் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. இதன் ஹரிக்கேன் இன்ஜினில் காற்றை உள்ளே விடும் வால்வு மட்டும் மேலே ஹெட்டுக்குப் போய்விட்டது. இன்ஜின் வளர்ந்தது, பானெட்டும் வளர வேண்டியதாயிற்று.

அதற்குக் கம்பெனி கொடுத்தது கார்ட்டர் ஒய்எஃப் என்ற ஒற்றைத் தொண்டை கார்பரேட்டர். இன்று பல வண்டிகளில் அந்த இடத்தில் சோலெக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அம்பாசிடரையும் பத்மினியையும் பிரித்துப் பழகிய கைகளுக்கு சோலெக்ஸ் வீட்டுப்பிள்ளை மாதிரி. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், இன்ஜினை போர் செய்து, பெரிய பிஸ்டன் போட்டு, ஹெட்டைக் கொஞ்சம் இழைத்த பிறகு. உடனே ஓர் ஆசை வரும்: "பெருசா ஒண்ணு மாட்டுனா பிச்சுக்கிட்டுப் போகும்ணே." எனக்கும் வந்தது. ஒரு வருடம் பெட்ரோலைக் கொட்டி அழுதேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 2.2 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 4,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4,400 லிட்டர் காற்று. நடைமுறையில் ஐந்தில் நான்கு பங்குதான் உள்ளே போகும் என்று வைத்தால் சுமார் 3,500. ஆனால் கொண்டை ஊசி வளைவில் 4,000-க்கு யார் போகிறார்கள்? இரண்டாவது கியரில் 1,500-க்கு விழுந்துவிடும். அப்போது முழுக்க மிதித்தாலும் 1,300 லிட்டர்தான். அந்தக் காற்று கார்பரேட்டர் தொண்டையின் ஒடுங்கிய பகுதியான வென்சுரி 26 மில்லிமீட்டராக இருந்து, அதன் வழியாகப் போனால் நொடிக்கு 41 மீட்டர் வேகம்; 32 மில்லிமீட்டர் என்றால் 27 மீட்டர். ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும் இழுப்பு, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே பெரிய தொண்டையில் அந்த இழுப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தேனி பைபாஸில் பறக்கும் வண்டி, மலையில் காலைக் கொடுத்ததும் ஒரு கணம் திகைத்து நிற்பது இதனால்தான். கடையில் சோலெக்ஸ் வாங்கும்போது உடம்பில் பொறித்த 32 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கீழே இருக்கும் திராட்டில் வாயின் அளவு. உள்ளே இருக்கும் வென்சுரி அதைவிடச் சின்னது. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

இனி ரசிக்கும் வேலை. போடிமெட்டுப் பாதையில் முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் ரேடியோவை அணைத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வளைவுகளை விட்டுவிடலாம், இன்ஜின் சூடேறட்டும். அடுத்த வளைவில் ஸ்டியரிங்கை நேராக்கும்போது ஆக்ஸிலரேட்டரை நிதானமாக, நிறுத்தாமல் அழுத்துங்கள். நல்ல கார்பரேட்டர் 'உஸ்ஸ்' என்று ஒரே சீராக மூச்சிழுக்கும். அதன் கூடவே இன்ஜினின் குரலும் கனத்துக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. மூச்சு முதலில் வந்து இழுவை பிறகு வந்தால், ஒன்று வென்சுரி பெரிது, இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் சோம்பல். கார்பரேட்டர் 'பட்' என்று இருமினால் பெட்ரோல் போதவில்லை. பின்னால் கரும்புகை, கண்ணெரிச்சல் என்றால் கூடிப்போய்விட்டது. இந்தச் சத்தத்துக்காகவே ஆயில் ஊற்றிய ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் புழுதியில் அது பிஸ்டன் ரிங்குக்கு உப்புத்தாள் வாங்கிக் கொடுப்பது போல.

மேலே போகப் போக இன்னொரு கதை. போடியிலிருந்து மெட்டுக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். காற்று பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடுகிறது. கார்பரேட்டருக்கு அது தெரியாது. கலவை தானாகப் பெட்ரோல் பக்கம் சாயும். அந்தக் காலத்தில் மலைக்கென்று ஓர் எண் சின்ன ஜெட் போடுவார்கள். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதாவது அதே ஜெட்டில் கலவை வறண்டுபோகும். கீழே ஊரில் 125 ஜெட்டை 130 ஆக்கினால்தான் சரிவரும். ஜெட் எண் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, 1.25-ஐ 1.30 ஆக்கினால் துளையின் பரப்பு 8 சதவீதம் கூடும். ஆனால் மலை ஒரு பக்கம் இழுக்க, எத்தனால் மறுபக்கம் இழுக்க, போடிமெட்டில் பழைய 125-தான் கிட்டத்தட்டப் பொருத்தமாக நிற்கிறது! என் யோசனை: ஊரில் சுற்றுகிற வண்டிக்கு 130, வாராவாரம் மலையேறுகிற வண்டிக்கு 125.

ஃப்ளோட் கிண்ணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். தொண்டைக்கு முன்னால், ரேடியேட்டர் பக்கம் இருந்தால் ஏற்றத்தில் பெட்ரோல் ஜெட்டை விட்டு விலகாது. அடாப்டர் தகடு போட்டுத் திருப்பி மாட்டிய வண்டி, செங்குத்தில் தாகத்தால் விக்கும். சிலர் பழைய மோரிஸின் எஸ்யூ கார்பரேட்டரை மாட்ட ஆசைப்படுவார்கள். அருமையான சாமான்தான், தேவைக்கேற்பத் தன் தொண்டையைத் தானே விரிக்கும். அதைச் செய்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பம், முதலில் செய்ததில் தோல் துருத்தி இருந்தது. ஆனால் ஹரிக்கேனில் காற்றுவழி ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. கார்பரேட்டர் மேலிருந்து நேராக உட்கார வேண்டும். பக்கவாட்டில் இழுக்கும் எஸ்யூவுக்கு முழங்கை வைத்துத் திருப்பினால் பாதி அருமை அங்கேயே போய்விடும்.

மெட்டுக்கு நூறு அடி முன்பு, இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே க்ளட்சை மிதித்து சாவியை அணைத்து ஓரம் கட்டுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றினால் முனை வெளிர் காப்பி நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை என்றால் வறட்சி, கரி என்றால் விரயம். ஐடிலிங்கில் விட்டு அணைத்துப் பார்த்தால் எல்லாப் பிளக்கும் பொய் சொல்லும்.

பிளக்கை மாட்டிவிட்டு மெட்டில் டீ குடித்துத் திரும்பினால் வண்டி பிடிக்காது. பயப்பட வேண்டாம். நின்ற இன்ஜினின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். சோக்கைத் தொடாதீர்கள், காலால் பம்ப் அடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஏழெட்டுச் சுற்று முனகிவிட்டு, ஒரு வாய் கரும்புகை துப்பி, பிடித்துக்கொள்ளும்.