மூடியைத் திறக்கும் மாதம்

திருகோணமலையில் நாங்கள் பற்றறி என்போம். கர்நாடகக் கரையில் என்னோடு ஒரு பருவம் வேலைசெய்த இராமநாதபுரத்துப் பெடியன் பேட்டரி என்பான். நான் சுழியோடி, அவன் டைவர். கையில் கட்டியிருந்த சாமான் மட்டும் ஒன்றே. ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து, உடம்பில் எவ்வளவு நைதரசன் சேர்ந்திருக்கும், எப்போது மேலே வரலாம் என்று கணக்குச் சொல்லும் சின்னக் கணினி. அதன் முதுகில் காசளவு மூடி. உள்ளே பட்டன் பற்றறி: பல மொடல்களில் சி.ஆர். 2450, அதாவது 24.5 மில்லிமீற்றர் விட்டம், 5 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வோல்ற்று. மூடியைச் சுற்றி நூல் மாதிரி ஒரு ஓ-ரிங். செத்துப்போன கணினிகள் என்று நான் திறந்து பார்த்தவற்றில் பற்றறியால் செத்தது ஒன்றுமில்லை. எல்லாம் அந்த நூலால்.

இலங்கைக் கடலுக்கு லீவு கிடையாது. கச்சான் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை கிழக்கில் ஓட்டம்: நிலாவெளி, புறாத்தீவு, இன்னும் துணிந்தவர்களுக்கு 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால், 50 மீற்றர் தாண்டிய ஆழத்தில். வாடை தொடங்கிக் கிழக்கு கலங்கியதும் சாமான் முழுவதையும் வானில் ஏற்றிக்கொண்டு ஹிக்கடுவ, உணவட்டுன என்று தெற்குக்கு இறங்கிவிடுவோம். இந்தியாவின் மேற்குக் கரை அப்படியல்ல. முருடேஸ்வரத்துக்கு எதிரே இருக்கும் நேத்ராணித் தீவுக்கும் கோவாவுக்கும் ஜூன் வந்தால் படகு போகாது. செப்ரெம்பர் வரை கணினிகள் அலுமாரியில் தூங்கும்.

இந்த வித்தியாசம் அப்படியே மூடிக்குள்ளும் தெரியும். எங்கள் கணினிகள் உழைத்துத் தேய்பவை. பொத்தானடியில் உப்புப் பூக்கும். கச்சான் அள்ளிவரும் மணல் மூடியின் விளிம்பில் ஒட்டும். ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தாலே போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். இன்னொரு பழக்கம், கழுவும் வாளிக்குள் கணினியைப் போட்டுவிட்டு மறந்துபோவது. ஈரம் பட்டால் விழிக்கும் வகையென்றால், தான் இன்னும் கடலுக்குள் கிடப்பதாக எண்ணி விடிய விடிய விழித்திருக்கும்.

நேத்ராணிக் கணினிகளுக்கு வருவது சும்மா கிடந்த நோய். நாலு மாதம் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடந்த ஓ-ரிங் உருண்டைத்தன்மையை இழந்து ஒருபக்கம் தட்டையாகிவிடும். சாதாரண ஏஏ பற்றறி போடும் கணினியில் அதைக் கழற்றாமல் விட்டால், ஒக்ரோபரில் திறக்கும்போது முனையெல்லாம் வெள்ளைப் பொருக்கு. பருவம் தொடங்கிய வாரத்தில் பெடியன் ஒரு கணினிக்குப் புதுப் பற்றறி போட்டான்; ஓ-ரிங்கை மாற்றவில்லை. அடுத்த நாள் வாளியருகே நின்று கூப்பிட்டான்: “அண்ணே, 18 மீட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்பப் பக்கெட்டுல போட்டதும் கண்ணாடில பனி பிடிக்குதே?”

பலருக்கும் வரும் குழப்பம் இது. ஆழத்தில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே மூடியையும் ஓ-ரிங்கையும் இறுக்கிப் பிடித்துவிடும். வாளியில் அமுக்க ஆளில்லை. தட்டையான ஓ-ரிங் தன் பலவீனத்தைக் காட்டும் இடம் முழங்கால் ஆழத் தண்ணீர்தான்.

இந்தியாவில் பற்றறி தாராளம். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். அதுவே வினையும். பற்றறியோடு ஓ-ரிங்கும் சேர்ந்து வரும் பொதிக்குக் காத்திருக்காமல் பற்றறியை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் குறை வேறு. 1990களில் வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றறியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். 2022இல் டொலர் இல்லாமல் மறுபடியும் ஒரு பஞ்சம். எதையும் எறியக் கை வராது. எனக்குத் தெரிந்த மணிக்கூடு திருத்துகிற ஐயா ஒருவர், யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர், பழைய ஓ-ரிங்கை விரலில் மாட்டி இழுத்துப் பார்த்துச் சொல்வார்: “இன்னும் ஒரு சீசனுக்கு வரும், தம்பி.” சிலவேளை வந்துமிருக்கிறது. அதனால்தான் அந்தப் பழக்கம் போகாமலிருக்கிறது.

சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்பும் ட்ரான்ஸ்மிற்றரில் இரு நாட்டுக்காரரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். அதைக் கைபிடியாக்கி ரெகுலேற்றரைத் தூக்குவார்கள். சிலிண்டர் வாயைத் திறந்தபடி படகில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அழுத்தம் இருக்கும்வரை அது பேசிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பற்றறி, பலவற்றில் சி.ஆர். 2, வீணாகக் கரையும். அந்தமானுக்கு மாற்றுப் பற்றறி கொண்டுபோகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். உதிரி லிதியம் பற்றறியைப் பொதிகளோடு விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

எப்போது திறப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன். பல கணினிகளில் பற்றறியைக் கழற்றினால் நைதரசன் கணக்கு அழிந்துபோகும். அன்று கடலுக்குள் போனவரை ஒன்றுமே இறங்காதவராக நினைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு டைவுக்கு நடுவே மூடியில் கைவைக்கக் கூடாது. கடைசி டைவுக்குப் பின் ஒரு முழுநாளாவது விட வேண்டும். இந்தியப் பெடியன்களுக்குச் சொல்வது: ஜூனில் பற்றறியைக் கழற்றி வையுங்கள், புது ஓ-ரிங்கை ஒக்ரோபரில் போடுங்கள். எங்களுக்கு அப்படி ஓய்வு மாதம் இல்லாததால், கரை மாறும் இரவுதான் நாள்.

புரட்டாதிக் கடைசியில் நிலாவெளி அறையில் காற்றாடியை நிறுத்திவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரிப்பேன். பழைய ஓ-ரிங்கை ஊசியால் கிண்டினால் பள்ளத்தில் கீறல் விழும். வங்கி அட்டையின் மூலையால் நெம்பினால் தானே எழும்பி வரும். புதியதில் சிலிக்கன் கிரீஸ் மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும். அடைப்பது ஓ-ரிங், கிரீஸ் அது வழுக்கி அமர உதவுவது, அவ்வளவே. ஓ-ரிங்கே சிலிக்கனால் ஆனதென்றால் அந்த கிரீஸும் கூடாது, ஊதிவிடும். மூடியைத் திருகி, கணினியைக் குடிதண்ணீர்க் கிளாசுக்குள் போட்டுவிட்டு வானில் சிலிண்டர் ஏற்றப் போவேன். திரும்பி வந்து டோர்ச் அடித்துப் பார்க்கும்போது கண்ணாடியில் பனி இல்லையென்றால், ஹிக்கடுவவுக்குப் புறப்படலாம்.