மகாஸ்வேதா தேவியின் கணக்கு வழக்கு

வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதை, போலீஸ் குறிப்பு ஒன்றோடு தொடங்குகிறது. தோப்தி மேஜென் என்ற சந்தால் பெண்ணின் பெயர், வயது 27, கணவன் இறந்த விவரம், துப்புக் கொடுப்பவருக்கு நூறு ரூபாய். அரசாங்கத்துக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். கதையின் முடிவில், இரவெல்லாம் சிதைக்கப்பட்ட அவள், கொடுத்த துணியை உடுத்த மறுத்து அதிகாரி சேனாநாயக்கின் எதிரே நிமிர்ந்து நிற்கிறாள். நடுங்குவது அவன்தான். முதல் பத்தியின் வறட்சி இல்லாவிட்டால் அந்த முடிவுக்கு இத்தனை வேகம் வந்திருக்காது.

மகாஸ்வேதாவின் கலை இந்தக் கணக்கெழுத்தில்தான் இருக்கிறது. ஏழையின் துயரத்தை அவர் வர்ணிக்க மாட்டார். கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போவார். 'ருதாலி' கதையில் சனிச்சரி என்ற பெண்ணுக்குச் சொந்தச் சாவுகளுக்கு அழக்கூட நேரமில்லை. புருஷன் செத்த செலவுக்கு வாங்கிய கடனுக்காகப் பண்ணையாரிடம் கொத்தடிமை வேலை செய்கிறாள். பிறகு கூலிக்கு மாரடிக்கப் போகிறாள். சும்மா அழுதால் ஒரு கூலி, தரையில் புரண்டு அழுதால் கூடுதல், தலையில் அடித்துக்கொண்டால் இன்னும் கூடுதல். இந்த விலைப்பட்டியலைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த வரியில் தொண்டை அடைக்கிறது. கடைசியில் ஊர்ப் பெரிய மனிதனின் பிணத்தைச் சுற்றி, அவன் வகையறாவால் சீரழிந்த பெண்களையே கூட்டி வந்து அழவைத்துக் காசு வாங்குகிறாள் சனிச்சரி. கணக்கு அங்கே நேராகிறது.

1974-இல் வந்த 'ஹஜார் சுராஷிர் மா' நாவலிலும் இதே கைதான். நக்சல்பாரி இயக்கத்தில் கொல்லப்பட்ட மகன் பிரதி, பிணவறையில் 1084 என்ற எண். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பிள்ளையைத் தாய் சுஜாதா ஒரே நாளில் தெரிந்துகொள்வதே நாவல்.

நாவலாசிரியர் வேறு, போராளி வேறு என்று அவரைப் பிரிக்க முடியாது. தந்தை மணீஷ் கட்டக் நடத்திய 'பர்த்திகா' இதழைத் தன் கையில் எடுத்து, ரிக்‌ஷாக்காரர், விவசாயி, பழங்குடியினர் எழுதும் இடமாக மாற்றினார். ரிக்‌ஷா ஓட்டிய மனோரஞ்சன் பியாபாரி அங்கிருந்துதான் எழுத்தாளரானார். ஆங்கிலேயரின் 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் சுமத்திய பழியைச் சுமந்த சபர் பழங்குடி மக்களுக்காக மகாஸ்வேதா மனு மேல் மனு எழுதினார். 1998-இல் புருலியாவின் புதன் சபர் போலீஸ் காவலில் இறந்தபோது, அவருடைய மக்கள் உடலை ரகசியமாகப் புதைத்துவிட்டு உருவ பொம்மையை எரித்தார்கள். உடல் என்ற சாட்சி அழியாமல் இருந்தது. மகாஸ்வேதா முன்னின்ற சபர் நலச் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய், இழப்பீடும் சிபிஐ விசாரணையும் பெற்றது. ஆமதாபாத்தின் சாரா சமூக இளைஞர்கள் அந்தச் சாவை நாடகமாக்கினார்கள். அவர்களின் 'புதன் தியேட்டர்' அப்படித்தான் பிறந்தது.

பழங்குடிப் போராளி பிர்சா முண்டாவைப் பற்றிய 'ஆரண்யேர் அதிகார்' நாவல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. 1996-இல் ஞானபீடம், 1997-இல் மகசேசே. 2016-இல் அவர் மறைந்தார். முதலில் எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் 'ருதாலி'யைச் சொல்வேன். இரக்கப்படச் சொல்லி அது எங்கும் கெஞ்சாது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை மட்டும் பைசா சுத்தமாகக் காட்டிவிடும். படித்தவர் அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியாது.