மகுடமா, முடியா?

மலாய் அரசர் அணியும் ‘தெங்கோலோக்’ என்னும் தலையணியைத் தமிழில் ‘மகுடம்’ எனப் பெயர்த்துவிடுவது எளிது. ஆயின் அப்பெயர்ப்பில் பொருளின் ஒரு பாதி நழுவிவிடுகிறது. மகுடம் உலோகத்தால் ஆவது. ஒருமுறை செய்தபின் உருமாறாதது. தெங்கோலோக்கோ தறியில் பிறந்த துணி. மடித்துக் கட்டும் கையினால் வடிவம் பெறுவது. இவ்வேறுபாடு கைத்தொழிலைப் பற்றியது மட்டுமன்று. தலைமையைப் பற்றிய ஓர் எண்ணமும் அதனுள் அடங்கியுள்ளது.

இத்தலையணிக்குப் பயன்படும் சொங்கேட் துணி திரெங்கானுவிலும் கிளந்தானிலும் சிறந்து வளர்ந்தது. ஊடு நூலோடு பொன்னிழையையும் கூடுதலாகச் செலுத்தி நெய்வது அதன் முறை. 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அக்கலையை மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எனினும் துணியின் உயர்வு மட்டுமே அரச அடையாளம் ஆகிவிடாது. ‘ஒருநாள் அரசன்’ எனப் போற்றப்படும் மலாய் மணமகனும் சொங்கேட் தலைக்கட்டு அணிகிறான். அவ்வாறாயின், அரசரை வேறுபடுத்திக் காட்டுவன யாவை? நிறமும் மடிப்புமே. மலாக்காவில் மஞ்சள் நிறம் குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்ததைச் ‘செஜாரா மெலாயு’ குறிப்பிடுகிறது. மடிப்போ தனக்கெனப் பெயரே உடையது.

அப்பெயர்கள் ஆராயத்தக்கவை. ஒரு மடிப்பின் பெயர் ‘ஆயாம் பாத்தா கெப்பாக்’. சிறகொடிந்த கோழி என்பது அதன் பொருள். 1957 செப்டம்பர் 2-ஆம் நாள் அரியணை ஏறிய முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் நெகிரி செம்பிலானின் அரசர். மாமன்னருக்குரிய தெங்கோலோக் அம்மாநில மரபைத் தழுவி, ‘டெண்டாம் தாக் சூடா’ என்னும் மடிப்பில் அமைந்தது. ‘டெண்டாம்’ என்பதற்கு இக்கால வழக்கில் வஞ்சம் என்பதே முதலில் தோன்றும் பொருள். அதனைக் கொண்டு ‘தீராப் பகை’ எனப் பெயர்த்தால், அரசர் தலையில் பகையை ஏற்றியதாகிவிடும். ‘ரிண்டு டெண்டாம்’ என்னும் இணைச்சொல்லோ ஆழ்ந்த ஏக்கத்தையே குறிப்பது. ஆதலின் ‘தீராத ஏக்கம்’ என்பதே இங்குப் பொருந்தும். அரசரின் தலையணிக்கு வெற்றியும் வீரமும் பெயராகாமல், ஏக்கமும் ஒடிந்த சிறகும் பெயரானமை எண்ணத்தக்கது. பெருமையைச் சூடும் இடத்திலேயே பணிவையும் சூட்டிய புலமை அது.

ஜொகூரில் 1886-இல் சுல்தான் அபு பக்காருக்கும், 2015-இல் சுல்தான் இப்ராஹிமுக்கும் உலோக மகுடமே சூட்டப்பட்டது என்பதை மறுப்பாகக் காட்டலாம். அதுவும் உண்மையே. ஆனால் அவ்விரு வகையும் ஒரே நாட்டில் இருப்பதனாலேயே இரண்டினையும் ஒரே சொல்லால் குறித்தல் பிழையாகிறது. தமிழில் ‘முடி’ என்பது அரசர் சூடுவதையும் கட்டுதலையும் ஒருங்கே உணர்த்தும் சொல். தெங்கோலோக்கைத் ‘துணிமுடி’ எனலாம். மகுடம் எனல் வேண்டா.

இன்று தைத்து முடித்த தலைக்கட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அணிவோர் பெருகியமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் கட்டத் தெரியாத கை, மடிப்பின் பெயரையும் மறந்துவிடக்கூடும். பெயர் மறைந்தபின் எஞ்சுவது அழகிய துணி மட்டுமே. வகுப்பறையில் ஒரு கைக்குட்டையை மடித்துக் காட்டி, அப்பெயர்களின் பொருளை மாணவருக்கு விளக்கும் ஆசிரியர், அண்டை மொழியின் உள்ளத்தை அவர்களுக்குத் திறந்து காட்டியவர் ஆவார்.