புல்லுக்கும் வேண்டும் உரைகல்

மாடு புல் தின்னும். இதைச் சொல்ல ஒரு நூலா என்று கேட்பீர்கள். ஆம், தேவைப்பட்டிருக்கிறது! செல்வத்திலே செழித்த அமெரிக்காவிலே, மாடு புல்லுக்குப் பிறந்த விலங்கு என்பதை நினைவூட்ட ஓர் எழுத்தாளர் பேனா எடுக்க வேண்டியிருந்தது. 2006இல் மைக்கேல் போலன் வெளியிட்ட 'தி ஆம்னிவோர்ஸ் டைலமா', அதாவது 'அனைத்துண்ணியின் தடுமாற்றம்' என்னும் நூலைத்தான் குறிப்பிடுகிறோம். உணவைப் பற்றிய அப்பெருநூலில் மாட்டிறைச்சி பற்றிய பகுதிகளை மட்டும் இங்கே ஆராய்வோம்.

கேள்வி ஞானத்தை வைத்துக்கொண்டு எழுதியவரல்லர் இவர். தெற்கு டகோட்டாப் புல்வெளியிலே பிறந்த 534 என்னும் எண்ணுடைய கன்றை விலை கொடுத்து வாங்கினார். அது போன வழியிலே தாமும் போனார். தாய்ப்பாலும் புல்லும் உண்டு வளர்ந்த கன்று, கான்சாஸ் மாநிலத்தின் கொழுக்கவைக்கும் பட்டியை அடைகிறது. அங்கே காலடியிலே சாணம், தொட்டியிலே மக்காச்சோளம்! புல்லைச் செரிக்க அமைந்த இரைப்பை, தானியத்தின் மாவுப் பொருளால் புளித்துப் போகிறது, வயிறு உப்புகிறது, ஈரல் கெடுகிறது, ஆகவே தீவனத்திலே மருந்து கலக்கிறது. ஏன் இந்தக் கொடுமை? விரைவுக்காக! 14 திங்களுக்குள் 1,100 பவுண்டு எடை ஏறியாக வேண்டும்.

இயற்கையா இதைச் செய்தது? இல்லை, இலாபம் செய்தது. சட்டம் துணை நின்றது. 1973ஆம் ஆண்டின் உழவுச் சட்டம், சோளத்தின் விலை விழுந்தால் அரசுப் பணம் ஈடுசெய்யும் என்றது. விலை விழுந்தும் விளைச்சல் குவிந்தது. குவிந்ததைத் தீர்க்க மாட்டின் வயிறு கிடங்காயிற்று! நூலின் முதுகெலும்பு இப்பகுதியே. 'எல்லாம் சந்தையின் விதி' என்போருக்கு, அது மனிதன் எழுதிய விதி, மனிதனால் திருத்தக்கூடிய விதி என்று காட்டுகிறார் ஆசிரியர். பாராட்டுகிறோம்.

அடுத்து, வர்ஜீனியாவிலே ஜோயல் சாலட்டின் நடத்தும் பண்ணைக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். அங்கே மாடுகள் நாள்தோறும் புதிய புல்வெளிக்கு மாற்றப்படுகின்றன. சில நாள் கழித்து அதே இடத்திலே கோழிகள் விடப்படுகின்றன; சாணத்துப் புழுவைக் கொத்தித் தின்று, எருவையும் பரப்புகின்றன. மேய்ந்த புல் மீண்டும் தழைக்க இடைவெளி கிடைக்கிறது. மண் வளம் பெறுகிறது. இவ்வளவும் உண்மை.

ஆனால் இங்கேதான் நடை மாறுகிறது. பட்டியிலே ஆராய்ச்சியாளராக நின்றவர், புல்வெளியிலே பக்தராகி விடுகிறார்! சோளம் தின்னும் மாடுகளுக்கான நிலத்தைப் புல்வெளியாக்கினால், 40 இலட்சம் கார்களை நிறுத்தியதற்கு ஈடாகக் கரி மண்ணிலே அடங்கும் என்கிறார். இனிக்கிறது, ஆனால் எடை போட வேண்டாமா? மேயும் மாடும் மீத்தேன் விடுகிறது. புல்லிலே வளர்வதற்கு நாள் மிகுதி. நாள் மிகுந்தால் மீத்தேனும் மிகும். 2017இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு, மிக நம்பிக்கையான கணக்கின்படியும் மண் அடக்கும் கரி, மேயும் மாடுகள் விடும் கேட்டிலே 20 முதல் 60 விழுக்காட்டையே ஈடுசெய்யும் என்றது. அதுவும் மண் நிறையும் வரைதான்!

உடல்நலம்? புல் தின்ற மாட்டின் இறைச்சியிலே ஒமேகா-3 கொழுப்பு கூடுதல் என்பது மெய். ஆயினும், கொழுத்த கடல்மீனிலே உள்ளதோடு ஒப்பிட்டால் அது சிறிதளவே. அதை மருந்தென விற்பது வணிகமே தவிர அறிவியலன்று. 'புல் தின்றது' என்னும் சொல்லுக்குத் தானே வகுத்த இலக்கணத்தைக்கூட அமெரிக்க வேளாண் துறை 2016இல் திரும்பப் பெற்றுவிட்டது.

எல்லார்க்கும் கிடைக்குமா என்பது அடுத்த வினா. இன்று உண்ணும் அளவு குறையாமல் புல்லுக்கு மட்டும் மாறினால், 7.7 கோடி மாடுகள் 10 கோடியாக வேண்டும். இருக்கும் மேய்ச்சல் நிலமோ 27 விழுக்காட்டு இறைச்சிக்கே போதும் என்று 2018இல் ஓர் ஆய்வு கணித்தது. அப்படியானால் அந்த 27 யாருடைய தட்டுக்குப் போகும்? உழைத்துக் களைத்தவன் தட்டுக்கா, பணம் படைத்தவன் தட்டுக்கா? சட்டத்தின் குற்றத்தை அத்துணைத் தெளிவாகக் காட்டியவர், பரிகாரம் கூறும்போது பெரிதும் வாங்குவோரின் பணப்பையையே நம்புகிறார். நூலின் பெருங்குறை இதுவே.

534ஆம் எண் மாடு வெட்டப்படும் கூடத்திற்குள் அவரை விடவில்லை, கதவு மூடிக்கொண்டது. சுவர்கள் கண்ணாடியாக வேண்டும் என்று அவர் விரும்பியதை முழுமனதோடு வரவேற்கிறோம். அந்தக் கண்ணாடி வழியே மாட்டை மட்டுமல்ல, கத்தி பிடித்து நிற்கும் தொழிலாளியையும் பார்க்க வேண்டும் என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

தோழர்களே, இந்நூலைப் படியுங்கள். கையிலே உரைகல்லோடு படியுங்கள். மாட்டுக்குப் புல் நல்லது, மண்ணுக்கும் நல்லது. மனிதன் இறைச்சியின் அளவைக் குறைத்து, அரசு சட்டத்தைத் திருத்தினால், அந்த நன்மை ஊருக்கெல்லாம் உரியதாகும். புல்லை வளர்ப்போம். புல்லைப் பூசிக்க மாட்டோம்!