விரிசலைத் தேடும் பக்தி

மார்கழி உபன்யாசத்திலும், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும், காலைநேரத் தொலைக்காட்சி அருளுரையிலும் அடிக்கடி காதில் விழும் உவமை ஒன்று உண்டு. மனம் ஒரு வீடு. நம்பிக்கை அதன் அஸ்திவாரம், புலனடக்கம் கதவு, பிரார்த்தனை கூரை. எங்கே விரிசல் விடுகிறதோ அங்கே தீமை நுழையும். அதைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் இறைவனின் காவல் முழுமையாகும். இந்த உவமையைக் குறைசொன்னால், ‘சித்தாந்தம் படிக்க நேரமில்லாதவருக்கும் வீடு புரியும், புரிகிற மொழியில் சொல்வதில் என்ன தவறு?’ என்று கேட்கிறார்கள். உவமை புரிகிறது என்பதில் ஐயமில்லை. அதன் வழியே கடவுளைப் பற்றி எது புரியவைக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உவமையின் நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. பக்தி ஒருநாள் உற்சாகத்தில் முடிவதில்லை, ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டியது என்பதை இது நன்றாகவே உணர்த்துகிறது. சுவரில் ஓதம் ஏறி, மேலே அடித்த பெயிண்ட் உரிந்து விழுவதைப் பார்த்தவருக்கு, வெளிப்பூச்சு ஒழுக்கம் நிலைக்காது என்பதைத் தனியாக விளக்க வேண்டாம். மரபிலும் இதற்கு இடமுண்டு. சைவத்திலும் விவிலியத்திலும் வீடு கட்டுவதும் கோயில் எடுப்பதும் அகவாழ்வின் படிமங்களாகத் தொடர்ந்து வருகின்றன.

குறை வேறிடத்தில் இருக்கிறது. விரிசலை அடைத்தால் காவல் உறுதி என்று சொன்ன அந்தக் கணத்திலேயே, துன்பம் வந்தவர் வீட்டில் விரிசல் இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லியாகிவிட்டது. பேச்சாளர் இந்த இரண்டாவது வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்பவர் தாமே சொல்லிக்கொள்கிறார். குழந்தையைப் பறிகொடுத்த தாய், எந்த விரதத்தில் தவறினோம் என்று தேடத் தொடங்குகிறார். நோயாளி, எந்தப் பாவத்தை ஒப்புக்கொள்ளாமல் விட்டோம் என்று தன்னையே குடைகிறார். வாஸ்து பார்ப்பவர் சொன்னார் என்று சமையலறையை இடித்து வேறு மூலைக்கு மாற்றுபவரின் கணக்கும் இதுவே: துன்பத்துக்குக் காரணம் என் வீட்டுக்குள் இருக்கிறது, அதைத் திருத்திவிட்டால் பாதுகாப்பு எனக்கு உரிமையாகிவிடும். ஒருவர் சுவரை இடிக்கிறார், மற்றவர் மனத்தை இடிக்கிறார். இருவருக்கும் கடவுள் வேலை முடிந்ததும் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்ததாரர் ஆகிவிடுகிறார்.

உண்மையில் கட்டட வேலை தெரிந்தவர்கள்கூட இப்படிப் பேசமாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரை ஒழுகினால், அனுபவமுள்ள மேஸ்திரி முதலில் மேல்வீட்டுக் குளியலறையைத்தான் பார்ப்பார். கீழ்வீட்டுக்காரர் தம் கூரையை எத்தனை முறை பூசினாலும் மேலேயிருந்து வரும் கசிவு நிற்காது. சென்னையின் பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் கடலோர உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. கம்பி உப்பி, காரை பெயர்கிறது. அதற்கு அங்கே குடியிருப்பவரின் ஒழுக்கம் பொறுப்பல்ல. பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டினால் இந்த வீட்டுச் சுவர் வெடிக்கிறது. எல்லா விரிசலும் வீட்டுக்காரரால் வந்ததல்ல என்பதே பழுதுபார்ப்பு கற்றுத்தரும் முதல் பாடம். உவமையை எடுத்தவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இந்த நகரம் அதை இருமுறை பெருந்துயரில் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது சாந்தோம் பேராலயம் தப்பியது. புனித தோமையார் நட்டதாக நம்பப்படும் தூணைக் கடல் தாண்டாது என்ற பழைய நம்பிக்கை அதன்பின் பரவலாகப் பேசப்பட்டது. நன்றியுணர்வாக அது மதிக்கத்தக்கதே. ஆனால் அருகிலேயே, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் மீனவர் குடும்பங்கள் உயிர்களையும் வீடுகளையும் இழந்தன. தூண் காத்தது என்று ஓரிடத்தில் சொன்னால், காக்கப்படாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீர் அடையாற்றில் பெருகி, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. பூஜையறையும் செபமாலையும் தொழுகை விரிப்பும் ஒன்றாகவே நனைந்தன. அந்த வெள்ளம் மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறியது. நீர்த்தேக்க நிர்வாகத்திடமும் ஆற்றங்கரையை ஆக்கிரமித்தவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வியை, பாதிக்கப்பட்டவரின் பக்தியிடம் திருப்பிவிடுவது அநீதி. பொறுப்பானவர்களை விடுவித்து, இழந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அநீதி.

இந்த உவமைக்கு வேதநூல்களைச் சான்று காட்டுகிறார்கள். அந்த நூல்களே அவர்களுக்கு எதிராக நிற்கின்றன. மத்தேயு நற்செய்தியில் பாறைமேல் கட்டிய வீட்டின்மீதும் மணல்மேல் கட்டிய வீட்டின்மீதும் அதே மழைதான் பெய்கிறது, அதே வெள்ளம்தான் மோதுகிறது. பாறைமேல் கட்டியவருக்கு வறண்ட வானம் வாக்களிக்கப்படவில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்கிறார். யோபுவின் பிள்ளைகள் இருந்த வீடு பெருங்காற்றில் இடிந்து விழுகிறது. அவனிடம் ஒளிந்திருக்கும் பாவத்தைத் தேடிய நண்பர்களைத்தான் கடவுள் கடிந்துகொள்கிறார்.

சைவ மரபுக்குச் சான்று மயிலாப்பூரிலேயே இருக்கிறது. கபாலீசுவரர் கோயிலில் சந்நிதி கொண்டுள்ள வாயிலார் நாயனார், மறவாமையைக் கோயிலாக்கி, உணர்வை விளக்காக்கி, ஆனந்தத்தைத் திருமஞ்சனமாக்கி, அன்பை அமுதாகப் படைத்தவர் என்கிறது பெரியபுராணம். திருநின்றவூர்ப் பூசலார் கையில் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, சுதை வேலை முடித்து, கிணறும் குளமும் எடுத்தார். பல்லவ மன்னன் காஞ்சியில் எடுத்த கற்றளியின் குடமுழுக்கையே தள்ளிவைக்கச் சொல்லி இறைவன் பூசலாரின் மனக்கோயிலில் எழுந்தருளினார். இவர்கள் இருவரும் கட்டியது இறைவன் வந்து தங்குவதற்கு. தங்களைச் சுற்றி அரண் எழுப்புவதற்கு அல்ல. கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பும் இவர்களிடம் அன்பின் செயலாக இருக்கிறது. இன்றைய அருளுரையிலோ அதே உறுப்பு அச்சத்தின் பரிசோதனைப் பட்டியலாகிவிட்டது.

தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசமும் பாதுகாப்பைத்தானே வேண்டுகிறது என்று கேட்கலாம். வேண்டுகிறது, உண்மை. உறுப்பு உறுப்பாகக் காக்கச் சொல்லி வேலிடம் முறையிடுவது ஒரு குழந்தையின் உரிமை. முறையிடுவது வேறு, காக்கப்படாதவரைப் பார்த்துக் காரணம் கற்பிப்பது வேறு. இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் மக்கள் ஒழுக்கத்தில் தளர்வார்கள் என்பது இன்னொரு வாதம். இடிந்துவிடும் என்ற பயத்தில் மட்டும் நிற்கும் ஒழுக்கம், முதல் இழப்பிலேயே நம்பிக்கையோடு சேர்ந்து சரிகிறது. பிரார்த்தித்தும் இழந்தவர்கள் கோயிலையும் தேவாலயத்தையும் விட்டு விலகுவதற்கு இந்தப் போதனையே பெரும் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மேடையேறும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டை உவமையாக எடுங்கள். அன்பைப் பராமரிக்கச் சொல்லுங்கள். யாருக்கும் நீர் புகாத வாழ்க்கையை வாக்களிக்காதீர்கள். வீடிழந்தவர் எதிரே அமர்ந்திருந்தால், அவரிடம் விரிசலைத் தேடச் சொல்லாதீர்கள். அவருக்குத் தங்க இடம் கொடுங்கள்.