மீதி நான்கு கிளாஸுக்கு ஒரு பம்ப்

750 மில்லி பாட்டிலில், 150 மில்லி வீதம் ஊற்றினால் ஐந்து கிளாஸ் ஒயின். மரச்சீனியும் பீஃப் வறுவலும் இருக்கும் இரவில் ஒரு கிளாஸ் போதும் என்பவருக்கு மற்ற நான்கும் கவலைதான். கார்க்கைத் திறந்ததுமே ஆக்சிஜன் தன் வேலையைத் தொடங்கிவிடும். பழ வாசம் மங்கும், புளிப்பு தலைதூக்கும். கேரள எல்லையோரக் களியக்காவிளை வெக்கையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதற்கு எளிய மருந்து, கையால் இழுக்கும் வெற்றிடப் பம்ப். நெதர்லாந்தின் வாக்யூ வின் நிறுவனம் 1980களில் பரவலாக்கிய வடிவம் இது. வால்வு வைத்த ரப்பர் மூடியைப் பாட்டிலில் செருகி, மேலே பம்பை வைத்து இழுத்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். முழுவதும் அல்ல, கொஞ்சம் ஆக்சிஜன் தங்கத்தான் செய்யும்.

இந்த வகைப் பம்ப் ஒன்றைச் சோதிக்கக் களியக்காவிளை வீடொன்றுக்கு வந்தது கிருஸ்மாவின் கேபர்னே சாவிஞ்ஞான். கர்நாடகத்தின் ஹம்பி மலைப்பகுதியில் கிருஷ்ண பிரசாத் சிகுருபாட்டி, உமா தம்பதி நடத்தும் குடும்பத் தோட்டத்து ஒயின் அது. ஒரே ஒயின் மூன்று விதமாக வைக்கப்பட்டது. பம்ப் போட்டு மேசைமேல் வைத்தது சில நாளில் தட்டையாகிவிட்டது. பம்ப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்ததில் கருந்திராட்சை வாசம் நன்றாகவே நின்றது. வெறும் கார்க்கோடு ஃபிரிட்ஜில் இருந்தது அதற்கு அதிகம் பின்தங்கவில்லை. பம்பைவிடக் குளிர்தான் பெரிய காவலாளி. இதை விற்பவர்கள் சொல்வதில்லை.

மாதக்கணக்கில் காக்க வேண்டுமானால் கிரெக் லாம்பிரெக்ட் உருவாக்கி 2013இல் விற்பனைக்கு வந்த கொராவின் இருக்கிறது. கார்க்கை எடுக்காமலே ஊசி செருகி ஒயினை எடுக்கும். காலியாகும் இடத்தை எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பும். கருவி விலை அதிகம், வாயுக் குப்பிக்கும் தொடர்ந்து செலவு. வாரத்துக்கு ஒரு பாட்டில் முடிப்பவருக்கு இது தேவையே இல்லை.

ஓர் எச்சரிக்கை. கிறிஸ்துமஸுக்காகப் பரணியில் நொதித்துக்கொண்டிருக்கும் வீட்டு ஒயினுக்கு இந்த ரப்பர் மூடி ஆகாது. கார்பன் டைஆக்ஸைடு வெளியே போக வழி வேண்டும்; அடைத்தால் அழுத்தம் ஏறிவிடும். அனுமதியின்றி வீட்டில் ஒயின் தயாரிப்பது குற்றம் என்று எல்லைக்கு அப்பால் கேரளக் கலால் துறை 2019இல் எச்சரித்ததையும் நினைவில் வைப்பது நல்லது.

பம்ப் வாங்கலாம், ஃபிரிட்ஜ் இருப்பவர் மட்டும். பாட்டிலை நிற்கவைத்தே வைக்க வேண்டும். குடிப்பதற்கு முன்பே வெளியே எடுத்துவைத்தால், 16 முதல் 18 டிகிரிக்கு வரும்போது சிவப்பு ஒயின் தன் வாசத்தைக் காட்டத் தொடங்கும்.